முக்கால் அங்குலம்

என் வீட்டுக்காரர் எதையும் பாதிதான் அளப்பார். மீதிப் பாதி அதே மாதிரிதான் இருக்கும் என்பது அவருடைய இருபத்து நாலு வருடத் தொழில் நம்பிக்கை. யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில் அவர் கட்டிங் மாஸ்டர். துணியை இரண்டாக மடித்து, மடிப்போரத்தில் அளவு அட்டையை வைத்து, ஒரு பக்கத்துக்கு மட்டும் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுவார். விரித்தால் முழு முதுகும் வந்துவிடும். காவலாளியிலிருந்து நர்ஸ் வரைக்கும் எங்கள் ஊரில் பாதிப் பேர் போட்டிருக்கிற சட்டை இவர் மடித்து வெட்டியதுதான். எல்லாரும் மாஸ்டர் மாஸ்டர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயரைக் கேட்டால் இப்போது அவரே ஒரு நொடி யோசிப்பார் என்று நினைக்கிறேன்.

வீட்டிலும் இதே கதைதான். பேப்பர், துண்டு, மருந்துச் சீட்டு, எதைக் கையில் கொடுத்தாலும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து நகத்தால் ஒரு இழுப்பு இழுப்பார். பேச்சையும் மடித்துத்தான் பேசுவார். பாதியைச் சொல்லுவார், மீதியை நாம்தான் விரித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான புதிதில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. இப்போதும் எரிச்சல்தான், பழகிவிட்டது, அவ்வளவுதான்.

நான் அவருக்கு நேர் எதிர். மனதில் தோன்றியது அடுத்த நொடி வாயில் இருக்கும். வேலை, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே கவுண்டரில். வருகிறவர் பெயர், வயது, எந்த எலும்பு, எப்படி அடிபட்டது என்று கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். அந்த ‘எப்படி’க்கு நேராக ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது ‘வாகன விபத்து’ என்று அடிப்பேன். ஆகவே எங்கள் பெண் கார் ஓட்டுகிற கிளப்பில் சேர்ந்தபோது வீட்டில் யார் குறுக்கே நின்றிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

பெண் பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டுகிறாள். எட்டு மணி நேரம் வேன் ஓட்டிவிட்டு வந்து, ஆசைக்கு என்று ஒரு பழைய இரண்டு கதவு காரை வாங்கி ஓட்டுகிறவளை என்ன சொல்வது? ஊருக்கு வெளியே பயன்படாமல் கிடக்கிற விமான ஓடுதளத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளப்காரர்கள் கூடுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும், கடிகாரத்தோடுதான் போட்டி, இடிக்கிறதுக்குப் பக்கத்தில் ஒரு மரம்கூடக் கிடையாது என்று என்னிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

இந்த வருடம் கிளப்பில் ஒரு புது விதி வந்தது. ரோல் பார் இல்லாத வண்டியை உள்ளே விட மாட்டார்களாம். வண்டி கவிழ்ந்தால் கூரை நம் தலைமேல் அமுங்காமல் தாங்குவதற்காக, முன் சீட்டுகளுக்குப் பின்னால் வளைவாக நிற்கிற தடித்த இரும்புக் குழாய் அது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். இதை யார் போடுவார், எங்கே போடுவார், இத்தோடு இந்தப் பைத்தியம் தெளிந்தது என்று கணக்குப் போட்டு, பெரிய மனது பண்ணுகிற மாதிரி, அந்த பார் போட்டால் தாராளமாக ஓட்டு, போடாமல் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மாஸ்டர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். "நான் போட்டுத் தரேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. குழாயில் தண்ணீர் சொட்டினால் ஆள் கூப்பிடுகிற மனிதர். என் தம்பி என்னைவிட அதிகமாகச் சிரித்தான். அவன் கேட், கைப்பிடி, ஜன்னல் கம்பி எல்லாம் செய்கிற பட்டறை வைத்திருக்கிறான். மாமா, இது சட்டை இல்லை, காலர் சரியில்லை என்றால் பிரித்துத் தைக்க முடியாது என்றான். அவர் சிரிக்கவில்லை. குழாயை வளைத்துக் கொடுப்பது அவன் வேலை, அளப்பதும் மாட்டுவதும் தன் வேலை என்று பிரித்துக் கொடுத்துவிட்டார். எதிலும் தலையிடாத ஆளுக்கு இதில் மட்டும் என்ன இவ்வளவு மும்முரம் என்று எனக்குப் புரியவில்லை. பெண்ணுக்குச் செல்லம் கொடுத்தே பழகியவர், இதுவும் அதுதான் என்று விட்டுவிட்டேன்.

வீட்டு முன்னால் கார் நிற்கிற ஷெட்டில் வேலை தொடங்கியது. பின் சீட்டைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார்கள். தரை விரிப்பைச் சுருட்டினால் ஹேர்பின், பார்சல் ஸ்டிக்கர், காணாமல் போனதாக நான் வீடெல்லாம் தேடிய ஒரு ஸ்பூன். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு இவர் முழங்காலை மடக்கி உள்ளே ஏறினார். முதலில் காரை அளக்கவில்லை, பெண்ணை அளந்தார். ஹெல்மெட்டைப் போட்டு ஸ்டியரிங் முன்னால் உட்காரச் சொன்னார். குழாய் அந்த ஹெல்மெட்டுக்கு மேலே இரண்டு அங்குலமாவது உயர்ந்து நிற்க வேண்டுமாம். அவள் விறைப்பாக உட்கார்ந்தாள்.

"மூச்ச விடு" என்றார். "அளவு எடுக்கிறப்ப எல்லாரும் ஒரு இன்ச் வளந்துடுவாங்க."

பிறகு வேன் எப்படி ஓடுகிறது, புது மேனேஜர் எப்படி என்று பேச்சுக் கொடுத்தார். அவள் மேனேஜரைத் திட்ட ஆரம்பித்துத் தோள் தளர்ந்து சரிந்த நேரம் பார்த்து ஹெல்மெட் மேல் ஸ்கேலை வைத்து அளந்துகொண்டார். கம்பெனியில் யூனிஃபார்முக்கு வருகிறவர்களிடமும் இப்படித்தான் செய்வாராம். இத்தனை வருடத்தில் அவர் வேலை செய்வதை நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்தது அட்டை. ஓட்டுகிறவர் சீட்டின் போல்ட் துருப்பிடித்து அசைய மறுத்தது. பக்கத்து சீட் சுலபமாக வந்துவிட்டது. அதனால் அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, கதவுக்குப் பின்னால் கூரையைத் தாங்குகிற தூணின் மேல் வைத்துப் பார்த்து, வெட்டி, மறுபடி வைத்துப் பார்த்து, தீக்குச்சி நுழையாத அளவுக்குச் செதுக்கினார். அதை அப்படியே நடுக்கோட்டில் மடித்த பெரிய அட்டை மேல் வைத்து வெட்டி விரித்தார். முழு வளைவு வந்துவிட்டது. மூன்று நாள் அது ஹாலில் கிடந்தது. சமையலறைக்குப் போக வர அதைத் தாண்டித்தான் போனேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கிளப்பில் வண்டியைச் சோதிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். வெள்ளிக்கிழமை காலையில் என் தம்பி வளைத்த குழாயோடு வந்து இறங்கினான். இரண்டு காலின் அடியிலும் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த தகடு வைத்துப் பற்றவைத்திருந்தான். துருப்பிடித்த போல்ட்டுக்கு எண்ணெய் விட்டு, நீளமான ஸ்பேனரால் ஒரு கை பார்த்து, அந்த சீட்டையும் வெளியே எடுத்தான். குறுகலான வாசலில் கட்டிலை நுழைக்கிற பாடுதான் பட்டார்கள். சாய்த்து, திருப்பி, ஆளுக்கு ஒரு பக்கம் கத்தி, ஒருவழியாக உள்ளே நிறுத்தினார்கள்.

பக்கத்து சீட் பக்கம் தகடு தரையில் அப்படியே படிந்து உட்கார்ந்தது. ஓட்டுகிற பக்கம் உட்காரவில்லை. மேலே குழாய் தூணில் இடித்து நின்றது. கீழே தகடு தரையைத் தொடாமல் தொங்கியது.

அட்டையை எடுத்துவந்து குழாயோடு ஒட்டிப் பார்த்தார்கள். வளைவில் குற்றமே இல்லை. தம்பி யோசித்து, குழாயை வெளியே எடுத்து முன்பின்னாகத் திருப்பி மறுபடி மாட்டினான். இப்போதும் இடித்தது ஓட்டுகிற பக்கம்தான். குழாய் கோணலாக இருந்தால் இடி அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும். கோணல் வண்டியில் இருந்தது.

தம்பிக்குப் பட்டறைக்குத் திரும்புகிற அவசரம். காலுக்கு அடியில் இரண்டு தகடு சொருகி போல்ட்டை முடுக்கிவிட்டால் சோதிக்கிறவன் கண்ணுக்கே தெரியாது என்றான். பெண்ணும் உடனே, ஆமாம்ப்பா அப்படியே செய்துவிடலாம் என்றாள். அவ்வளவு அவசரமாக அவள் யார் பேச்சுக்கும் தலையாட்டி நான் பார்த்ததில்லை.

"தப்பு என்னுது" என்றார் மாஸ்டர். "ஒரு பக்கம்தான் அளந்தேன்."

கேலி செய்ய நான் வாயெடுத்தது உண்மை. அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. மறுபடி உள்ளே ஏறி, நடுக்கோட்டிலிருந்து இரண்டு தூணுக்கும் தனித்தனியாக டேப் பிடித்தார். ஓட்டுகிற பக்கம் முக்கால் அங்குலம் குறைவு.

டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, அந்தத் தூணின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே மெதுவாகத் தடவிக்கொண்டு வந்தார். துணியில் நெசவுப் பிழை இருக்கிறதா என்று பார்க்க அவர் இப்படிச் செய்வதுண்டு, கண்ணைவிட விரலைத்தான் நம்புவார். ஓரிடத்தில் விரல் நின்றது. தூணை மூடியிருந்த பிளாஸ்டிக்கைக் கழற்றச் சொன்னார். அதை எதற்குக் கழற்ற வேண்டும் என்று பெண் கேட்டாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உள்ளே தூண் நெளிந்திருந்தது. நெளிவின் மேல், பள்ளம் அடைக்கிற மக்குப் பசை கனமாக அப்பியிருந்தது. நடுவில் கோணல்மாணலாக ஒரு பற்றவைப்பு.

"இங்க ஒட்டுப் போட்டிருக்கு" என்றார்.

தம்பி எட்டிப் பார்த்தான், முகம் மாறியது. அவனுக்கு இது தெரிந்த சங்கதி ஆயிற்றே. எங்கேயோ பலமாக மோதிய வண்டி, அடித்து நிமிர்த்தி மேலே பூசி மெழுகியிருக்கிறார்கள், விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விற்றவனுடைய போன் நம்பரை எடு, நான் பேசுகிறேன் என்று ஆரம்பித்தேன். அவன் குடும்பத்தையே ஒரு சுற்று திட்டி முடித்த பிறகுதான் பெண் பதிலே பேசவில்லை என்பதைக் கவனித்தேன். ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்கறப்ப நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றாள்.

ஏழு மாதம் முன்னால், மழை நாளில், வேலை முடிந்து இந்தக் காரில் வீட்டுக்கு வருகிற வழியில், வளைவில் வண்டி வழுக்கிப் பக்கவாட்டில் போய் சிமெண்டுக் கம்பத்தில் மோதியிருக்கிறது. கண்ணாடி நொறுங்கி முழங்கையில் அடி. என் கவுண்டர் பக்கம் வந்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்று, ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுத்திருக்கிறாள். சிநேகிதி வீட்டில் மூன்று நாள் தங்குகிறேன் என்று அன்றைக்குப் போன் செய்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நல்லா சாப்பிடு என்று சொல்லி வைத்தேன். வண்டி இரண்டு வாரம் சர்வீஸில் இருக்கிறது என்றதையும் நம்பினேன். எவனோ மலிவாகச் செய்கிறவனிடம் விட்டு வாங்கியிருக்கிறாள்.

சுவரோரம் கிடந்த பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கோடி ஆஸ்பத்திரியில் என்னைப் போல ஒருத்தி என் பெண்ணிடம் பெயர் கேட்டு, வயது கேட்டு, ‘வாகன விபத்து’ என்று அடித்திருக்கிறாள். நான் அந்த நேரத்தில் யாரோ ஒருவருடைய கணுக்காலைப் பதிவு செய்துகொண்டிருந்திருப்பேன். என்ன திட்டினேன் என்று எழுத மாட்டேன். கடைசியில் வண்டியை விற்றுவிடு என்றேன். காரில் தொங்கிய சாவியைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். தம்பி ஸ்பேனர்களைப் பொறுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நழுவிவிட்டான். பெண் அழுதுகொண்டே உள்ளே போனாள்.

பிறகு இவர் பக்கம் திரும்பினேன். இருபத்தாறு வருடமாகப் பார்க்கிற முகம். அதிர்ச்சி என்றால் அதில் எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாதா? அந்த முகத்தில் அதிர்ச்சி பாதிகூட இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"ஜெர்கின்" என்றார்.

"இன்னைக்காவது முழுசா சொல்லுங்க."

சொன்னார். ஏழு மாதம் முன்னால் அவளுடைய கம்பெனி ஜெர்கினை முழங்கையில் தைத்துத் தரச் சொல்லிக் கொடுத்தாளாம். வேன் கதவில் மாட்டிக் கிழிந்துவிட்டது என்றாளாம். கதவில் மாட்டினால் துணி ஒரே கோடாகக் கிழியும், இது தேய்ந்து இழுபட்டுக் கிழிந்திருந்தது, நூல் இடுக்கில் கண்ணாடித் தூள் இருந்தது என்றார். ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத் தைத்து, இஸ்திரி போட்டு, அவள் அறையில் மாட்டி வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மோதியது கம்பெனி வேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். இந்தக் கார்தான் என்பது இன்றைக்கு விரலில் தட்டுப்பட்ட பிறகுதான் தெரியுமாம். குழாயில் தண்ணீர் சொட்டினால் ஆள் கூப்பிடுகிற மனிதர் ஏன் தானே பார் போட்டுத் தருகிறேன் என்று கிளம்பினார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

"சொன்னா ஓட்டவே கூடாதும்ப, காரையும் விக்கச் சொல்லுவ" என்றார். "வித்துட்டா அவ விட்டுடுவாளா? வேற யார் வண்டிலயாவது ஏறுவா. அந்த வண்டிய நான் எப்படிப் போய் அளக்கறது?"

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு இதுதான். அதற்காகக் கோபம் போய்விடவில்லை. இரண்டு பேரிடமும் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் இவள் இல்லாமலே நடந்து முடிந்தது. அன்று முழுவதும் அவள் ஷெட்டில் உட்கார்ந்து, கழற்றிய போல்ட்டுகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு டீ போட்டு அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை தம்பி, கார் பாடி வேலை செய்கிற பெரியவர் ஒருவரை அழைத்துவந்தான். காரைத் தூக்கி நிறுத்தி அடிப்பக்கம் பூராவும் அளந்து பார்த்தார். அடிச்சட்டம் நேராக இருக்கிறது, தரையும் பழுதில்லை, தூணை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும் என்றார். இந்தத் தூணோடு எவ்வளவு நல்ல பார் போட்டாலும் பிரயோஜனம் இல்லை, இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் ஓட்டினாய் என்று பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். நான் பார்க்காத பார்வை இல்லை, இருந்தாலும் இன்னொருவர் பார்த்தது திருப்தியாக இருந்தது.

சீட்டே இல்லாத வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். வேலை முடிந்து அது வீடு திரும்ப இரண்டு வாரம் ஆயிற்று. மாஸ்டர் மறுபடி அட்டை எடுத்தார். இந்தத் தடவை மடிக்கவில்லை. ஓட்டுகிற பக்கத்துக்கு ஒன்று, அடுத்த பக்கத்துக்கு ஒன்று, தனித்தனியாகச் செதுக்கினார். பிறகு இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டும் ஓரத்தோடு ஓரம் நூல் பிசகாமல் நின்றன. அவர் சிரித்தார். பழைய குழாயே போதும், வளைக்க வேண்டியதில்லை என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டினோம். மாட்டினோம் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆள் போதவில்லை என்று என்னையும் இழுத்துவிட்டார்கள். தரையில் துளை போட்டு, வண்டிக்கு அடியில் ஒரு தகடு கொடுத்து, இரண்டு தகட்டுக்கும் நடுவில் தரை நெரிபடுகிற மாதிரி போல்ட் போட வேண்டும். மாஸ்டர் அடியில் படுத்துக்கொண்டு முடுக்க, மேலே போல்ட் தலை சுற்றாமல் நான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொன்றுக்கும் கீழேயிருந்து குரல் வரும், பிடித்திருக்கிறாயா என்று. பிடித்திருக்கிறேன் என்பேன். காலுக்கு மூன்று போல்ட், பிறகு வளைவைப் பின்பக்கமிருந்து தாங்க வைக்கிற கம்பிகளுக்கு. மத்தியானத்துக்குள் எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது. தலை படுகிற இடத்தில் குழாய்க்கு உறை போட, கனமான நுரை வைத்துக் கறுப்புத் துணியில் அவரே தைத்திருந்தார். கம்பெனி மிஷினில் இல்லை, கையால். இரட்டைத் தையல்.

முன் சீட்டுகளை மறுபடி பூட்டி, பெண்ணை ஹெல்மெட்டோடு உட்கார வைத்து அளந்தார். இரண்டு அங்குலத்துக்கு மேலேயே இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்து, பக்கத்து சீட்டில் உட்காரச் சொன்னார். நான் எதற்கு, நானா ஓட்டப்போகிறேன் என்றேன். டேப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு வழியில்லாமல் ஏறி உட்கார்ந்தேன். தலைக்குப் பின்னால் அந்தக் கறுப்பு உறை மெத்தென்று இருந்தது. இரும்பு உள்ளே இருப்பது தெரிந்தது.

"மூச்ச விடு" என்றார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. விட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோள் வலி என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் யாரும் கேட்கவில்லை. அவர் என் தலைக்கு மேலே அளந்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு டேப்பை மடித்தார்.

பெண் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள். அவள் சட்டைக் கை மேலே சுருண்டிருந்தது. முழங்கையில் இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. இஸ்திரிப்பெட்டி பட்டது என்று ஏழு மாதமாக நான் நம்பிக்கொண்டிருந்த தழும்பு. கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

என் கைப்பை மடியில் இருந்தது. சாவி மூன்று வாரமாக அதில்தான் கிடந்தது. எடுத்து நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டாள், நான் உடனே விடவில்லை.

"எது ஆனாலும் என் கவுண்டருக்குத்தான் வரணும்" என்றேன். "அந்தக் கோடி ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது."

"சரிம்மா" என்றாள். நான் சாவியை விட்டேன்.